வாசலைத் தாண்டிப் போகும் லாரி

ராத்திரி பதினொன்றரை மணி. நாமக்கல் பைபாஸ் ரோடு. சாலை ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் டிபன் காரியர். இடுப்பில் தூங்குகிற குழந்தை. பக்கத்தில் எட்டு வயதுப் பையன். அவன் தூக்கக் கலக்கத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கொஞ்சம் தள்ளி, மொபெட்டை நிறுத்திவிட்டு அவளுடைய மாமனார் உட்கார்ந்திருக்கிறார்.

லாரி வருகிறது. டி.என்.28 என்ற எண். பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. "அப்பா வண்டிங்கம்மா!" என்று குதிக்கிறான்.

டிரைவர் கீழே இறங்குகிறார். நாற்பது நாள் தாடி. கண்கள் சிவந்திருக்கின்றன. குழந்தையை வாங்கிக்கொள்கிறார். அது முகம் தெரியாமல் வீறிட்டு அழுகிறது. பையன் பையிலிருந்து ரேங்க் கார்டை எடுத்து நீட்டுகிறான். லாரியின் விளக்கு வெளிச்சத்தில் அப்பா கையெழுத்துப் போடுகிறார்.

"ஏனுங்க, இன்னைக்கு ஒரு ராத்திரி தங்கிட்டுப் போகக் கூடாதுங்களா? வீடு ரெண்டு மைல்தானுங்க."

"காலையில தூத்துக்குடியில வண்டி நிக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. நான் என்ன பண்றது?"

பத்து நிமிஷம் ஆகவில்லை. செல்போன் அடிக்கிறது. ஆபீசிலிருந்துதான். "வண்டி ஏன் நிக்குது?" என்று கேட்கிறார்கள். லாரி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் இப்போது ஆபீசில் இருக்கிறவர்களுக்குப் படத்தில் தெரிகிறது.

டிரைவர் டிபன் காரியரை வாங்கிக்கொண்டு ஏறிவிடுகிறார். லாரி போகிறது. அரை மணி நேரத்துக்கெல்லாம் பரமத்தி வேலூரைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறிவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் கரூர் ஜில்லா.

இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் எத்தனையோ வீடுகளில் நடக்கிற சங்கதி. வீட்டு வாசலைத் தாண்டித்தான் லாரி போகிறது. வீட்டுக்குள் போகத்தான் டிரைவருக்கு நேரம் இல்லை.

ஓசூர் வந்தால்...

நாமக்கல் வானம் பார்த்த பூமி. மழையை நம்பிப் பயிர் செய்தவர்கள் மழை பொய்த்தபோது லாரியை நம்பினார்கள். கடன் வாங்கி ஒரு லாரி, அது சம்பாதித்து இன்னொரு லாரி என்று வளர்ந்த ஊர் அது. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. சமையல் எரிவாயு கொண்டுபோகும் டாங்கர் லாரிகளுக்கு அது பேர்போன இடம். 1997-ல் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. ஊர் நடுவே ஒரே பாறையாக மலை. மலை அடிவாரத்தில் 18 அடி உயர ஆஞ்சநேயர், தலைக்கு மேல் கூரை இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நிற்கிறார். புது லாரி வாங்கியவர்கள் முதலில் அங்கேதான் கொண்டுவந்து பூஜை போடுவார்கள். வெயிலிலும் மழையிலும் ஓடுகிறவர்களுக்கு ஏற்ற சாமிதான்.

இந்த ஊர் டிரைவர் ஒருவர் எப்படிப் போய் எப்படி வருகிறார் என்று பார்க்க வேண்டும். சேலத்தில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். மகாராஷ்டிரத்தில் இறக்குகிறார். காலி வண்டியாகத் திரும்பினால் டீசல் காசுகூட மிஞ்சாது. ஆகவே அங்கே நாலு நாள் காத்திருந்து, வெங்காயம் ஏற்றிக்கொண்டு தில்லிக்குப் போகிறார். தில்லியில் மறுபடியும் காத்திருக்கிறார். தென்பக்கம் போகிற லோடு கிடைக்கிறவரை லாரிதான் வீடு. அதிலேயே சமையல். அதன் நிழலிலேயே படுக்கை. கடைசியில் தூத்துக்குடிக்கு இயந்திர சாமான் லோடு கிடைக்கிறது. சுமார் 2,700 கிலோமீட்டர்.

ஆக்ரா, குவாலியர், ஜான்சி, நாகபுரி, ஹைதராபாத், கர்நூல் என்று ஒவ்வொரு ஊராகப் பின்னால் போகிறது. காஷ்மீரத்து ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிற 44-ம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை அது. நாட்டிலேயே நீளமான சாலை. ஓட்டுகிறவருக்கு அதில் ஒரே ஒரு இடம்தான் கணக்கு. பெங்களூரைத் தாண்டி, அத்திப்பள்ளியைத் தாண்டி, ஓசூர் எல்லைக்கு வருகிற இடம்.

அங்கே கடைப் பலகைகள் தமிழில் இருக்கின்றன. நாற்பது நாளாகக் கை ஜாடையிலும் அரைகுறை இந்தியிலும் டீ கேட்டவர், "அண்ணே, ஒரு டீ, சக்கரை கம்மியா" என்று வாய் நிறையச் சொல்கிறார். டீக்கடைக்காரர் "எந்த ஊருங்க?" என்று கேட்கிறார். ஊரைச் சொல்லும்போது டிரைவருக்கு முகம் மலர்ந்து போகிறது. அந்த இடத்தில் இறங்கிச் சாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற டிரைவர்களும் உண்டு. ரொட்டியும் பருப்பும் தின்று அலுத்த நாக்குக்கு அன்றைக்கு இட்லி கிடைக்கிறது. ஓசூரில் நாலு இட்லி தின்றுவிட்டுக் கிருஷ்ணகிரியில் மறுபடியும் நாலு இட்லி தின்கிறவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

அப்புறம் கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய். தொப்பூர் இறக்கம் பொல்லாத இறக்கம். பாரம் ஏற்றிய லாரியில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கியரைக் குறைத்து மெதுவாக இறங்க வேண்டும். அங்கே எத்தனையோ விபத்துக்கள் நடந்திருக்கின்றன. வீடு நெருங்குகிறது என்ற ஆசை ஒரு பக்கம், ஐந்தாறு நாள் தூக்கம் கெட்ட உடம்பு இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் அவர் தொப்பூரில் இறங்குகிறார்.

இறங்கியதும் போன். "தொப்பூர் தாண்டிட்டேன். பைபாசுக்கு வந்துரு."

சொந்த ஊருக்கு இதைவிடப் பக்கத்தில் அவர் இந்த நடையில் வரப்போவதில்லை.

மிச்சமான நேரம் எங்கே போயிற்று?

முன்பெல்லாம் ராஜ்யத்துக்கு ராஜ்யம் எல்லையில் சோதனைச் சாவடி உண்டு. லாரிகள் மைல் கணக்கில் வரிசையாக நிற்கும். பில்லைக் காட்டி, முத்திரை வாங்கி, வெளியே வர மணிக்கணக்காகும். சில சமயம் ஒரு ராத்திரி முழுவதும் போய்விடும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. எல்லையில் வரி வாங்குகிற அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரி முதல் டோல்கேட்டில் பாஸ்டாக் கட்டாயம் ஆயிற்று. காசு எண்ணிக் கொடுத்துச் சில்லறைக்காக நிற்கும் வேலையும் குறைந்தது. சாலைகளும் அகலமாகி, ஊருக்குள் நுழையாமல் பைபாஸ் வழியே போகின்றன.

நல்ல காரியங்கள்தான். இதனால் ஒவ்வொரு நடையிலும் நேரம் மிச்சம். மிச்சமான நேரத்தில் ஒரு மணியாவது டிரைவருக்கு வந்ததா? வரவில்லை. அது அடுத்த லோடுக்குப் போய்விட்டது. முன்பு ஏழு நாளில் வந்த சரக்கு இப்போது ஐந்து நாளில் வர வேண்டும் என்று கேட்கிறார்கள். சாவடியில் நின்றபோதாவது டிரைவர் ஸ்டீயரிங் மேல் தலை வைத்துத் தூங்கினார். அதுவும் இப்போது இல்லை.

2018-ல் இன்னொன்று நடந்தது. நேஷனல் பெர்மிட் லாரி என்றால் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது. ஒருவர் ஓட்டினால் இன்னொருவர் தூங்கலாம். அந்த விதி எடுக்கப்பட்டுவிட்டது. ஒரே டிரைவர் போதும் என்றாயிற்று. அதே வருஷம் லாரியில் ஏற்றக்கூடிய பாரத்தின் அளவும் உயர்த்தப்பட்டது. பாரம் கூடியது, ஓட்டுகிற ஆள் குறைந்தார். பல லாரிகளில் கிளீனர் பையன்களும் இப்போது இல்லை. டயர் பஞ்சரானாலும், தார்ப்பாய் கிழிந்தாலும், நடு ராத்திரியில் திருடன் வந்தாலும் டிரைவர் ஒருவரேதான்.

2022-ல் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் இறந்தார்கள். சர்க்கார் கொடுத்த கணக்கு இது. இவ்வளவுக்கும் லாரி டிரைவரின் தூக்கம்தான் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் தூங்காத மனிதர் கையில் பெரும் பாரத்தைக் கொடுத்து ராத்திரியில் ஓட்டச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பது யாரோ ஒருவருடைய தாயும் பிள்ளையும்தான்.

சட்டம் சொல்வது என்ன?

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் தொழிலாளர்களுக்காக 1961-லேயே பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. நாளைக்கு 8 மணி நேரம் வேலை. வாரத்துக்கு 48 மணி நேரம். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணியாவது ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்கிற இடத்துக்கு அது தானாகப் பொருந்தாது. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம். ஆகவே சட்டப் புத்தகம் ஒரு பக்கம் இருந்தது, லாரி ஒரு பக்கம் ஓடியது.

2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது. அதிலும் 8 மணி நேரம்தான். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் உட்காரும் இடத்துக்கு ஏ.சி. வேண்டும் என்றும் விதி வந்திருக்கிறது. நெடுஞ்சாலை ஓரங்களில் டிரைவர்களுக்காக ஆயிரம் ஓய்விடங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். கட்டட்டும். வெயிலில் வெந்த உடம்புக்கு நல்ல கட்டிலும் குளிக்கத் தண்ணீரும் வேண்டியதுதான். ஆனால் இரண்டு மைல் தூரத்தில் சொந்த வீடு இருக்கும்போது, ரோட்டோரக் கட்டிலைக் காட்டி "இங்கே படு" என்று சொன்னால் போதுமா?

ஐரோப்பாவில் இதை யோசித்திருக்கிறார்கள். போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் டிரைவர்கள் பிழைப்புக்காகப் பல நாடுகள் தாண்டி லாரி ஓட்டுகிறார்கள். மாதக்கணக்கில் வீட்டுக்குப் போகாமல் லாரியிலேயே குடியிருந்தார்கள். 2020-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு விதி செய்தது. நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது டிரைவர் வீடு திரும்பும்படி கம்பெனிதான் வேலையை வகுத்துக்கொடுக்க வேண்டும். முழு வார ஓய்வு என்றால் 45 மணி நேரம்; அதை லாரிக்குள் படுத்துக் கழிக்கக் கூடாது. வீட்டுக்குப் போவது டிரைவர் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டிய சலுகை என்று அங்கே நினைக்கவில்லை. அனுப்புவது கம்பெனியின் கடமை என்று எழுதிவிட்டார்கள்.

இங்கே நாற்பது நாள் கழித்து வருகிறவருக்குப் பைபாஸ் ஓரத்தில் பத்து நிமிஷம்.

லாரி சொந்தக்காரர் சொல்வது

லாரி சொந்தக்காரரைக் கேட்டால் அவரும் கண்ணீர் விடுவார். மாதத் தவணை கட்ட வேண்டும். டீசல் விலை, டோல்கேட், டயர், இன்சூரன்ஸ் எல்லாம் அவர் தலையில். சரக்கு ஒரு நாள் தாமதமானால் வாடகையில் பிடித்துக்கொள்வார்கள். "ஒரு ராத்திரி நிறுத்தினால் அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அவரில் பலர் நேற்று வரை டிரைவராக இருந்தவர்கள். இன்றைக்கும் தன் லாரியைத் தானே ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்களுக்கே லீவு கொடுத்துக்கொள்ள முடியாமல்தான் ஓடுகிறார்கள்.

ஆகவே குற்றம் முழுவதையும் லாரி ஆபீஸ் மேல் போட்டுவிட முடியாது. சரக்கு அனுப்புகிறவர்களையும் வாங்குகிறவர்களையும் கேட்க வேண்டும். சர்க்கார் கொடுக்கிற காகிதத்தையே எடுத்துக்கொள்ளலாம். சரக்கு கொண்டுபோக ஈ-வே பில் என்று ஒன்று வேண்டும். 2021 ஜனவரி முதல், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் கெடு. 2,700 கிலோமீட்டர் என்றால் 14 நாள். தில்லியிலிருந்து தூத்துக்குடிக்கு 14 நாள் அவகாசம் கொடுக்கிறது சர்க்கார். ஐந்து நாளில் வா, ஆறு நாளில் வா என்று விரட்டுவது வியாபாரம். வழியில் ஒரு ராத்திரி வீட்டில் தூங்குவதற்குச் சட்டம் தடையாக இல்லை.

அழுகிற பண்டமாக இருந்தால் அவசரம் புரிகிறது. தக்காளியும் மீனும் காத்திருக்காது. இரும்பு இயந்திரத்துக்கு என்ன அவசரம்? துறைமுகத்துக்குப் போன பிறகு அதுவும் கப்பலுக்காக ஷெட்டில் காத்துத்தான் கிடக்கப்போகிறது.

இந்த அவசரத்துக்கு ஏற்கெனவே கொடுத்த விலை போதாதா? 1990-களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது அதிகம் அடிபட்ட இடங்களில் ஒன்று நாமக்கல். மாதக்கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்து, ரோட்டிலேயே வாழ்ந்தவர்கள் நோயோடு ஊர் திரும்பினார்கள். ஊர் எல்லையைத் தாண்டாத பெண்களுக்கும் அது வந்தது. 2004-ல் சர்க்கார் மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய பிறகு எத்தனையோ பேர் பிழைத்தார்கள். அதற்கு முன்பு போனவர்கள் போனவர்கள்தான். பிரிவு என்பது வெறும் ஏக்கத்தோடு நின்றுவிடுகிற காரியம் அல்ல என்று அந்த ஜில்லாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது லாரித் தொழிலில் இன்னொரு புலம்பல் கேட்கிறது. டிரைவர் கிடைக்கவில்லையாம். லாரிகள் டிரைவர் இல்லாமல் ஷெட்டில் நிற்கின்றனவாம். எப்படிக் கிடைப்பார்கள்? பைபாஸ் ஓரத்தில் அந்தப் பையன் நின்றானே, அவன் வளர்ந்து ஸ்டீயரிங் பிடிப்பானா? அவன் அம்மாதான் விடுவாளா? டிரைவர் மாப்பிள்ளை என்றால் பெண் கொடுக்கவே வீட்டில் யோசிக்கிறார்கள். "சம்பாத்தியம் இருக்குது, சரி. மனுசன் எங்க இருக்காரு?" என்று பெண்ணின் தாயார் கேட்கிறாள். அதற்குத் தரகரிடம் பதில் இல்லை.

ஒரு ராத்திரி

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. லாரி சொந்தக்காரர்கள் சங்கங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வாடகை உயர வேண்டுமென்றால் அவை ஒன்றுகூடிப் பேசுகின்றன. டீசல் விலை ஏறினால் லாரிகளை நிறுத்திவிட்டுப் போராடுகின்றன. அதே சங்கங்கள் சரக்கு அனுப்பும் கம்பெனிகளோடு உட்கார்ந்து இன்னொன்றையும் பேசலாம். முப்பது நாள் ஆன டிரைவர், சொந்த ஊர் வழியாக வந்தால், ஒரு ராத்திரி நிறுத்திக்கொள்ளலாம். அந்தத் தாமதத்துக்கு வாடகையில் பிடித்தம் கிடையாது. லோடு பேசும்போதே இதைச் சீட்டில் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால் "வண்டி ஏன் நிக்குது?" என்ற போன் வராது.

வண்டிக்குப் பாதுகாப்பும் கஷ்டமில்லை. நாமக்கல் லாரிப் பட்டறைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் நிறுத்த இடமுண்டு. டிரைவர் வீட்டில் தூங்குகிற நேரத்தில் அங்கேயே டயருக்குக் காற்றும் பிரேக்கும் பார்த்துக்கொள்ளலாம். அதனால் லாரிக்கும் லாபம்தான்.

சர்க்கார் பங்குக்கு ஒரு காரியம். வேலை நேரத்தை எழுதி வைத்தால் போதாது, பார்க்கவும் வேண்டும். லாரி எங்கே நின்றது, எத்தனை மணி ஓடியது என்ற கணக்கு இப்போது கருவியிலேயே பதிவாகிறது. வண்டி நின்றால் போன் போடுவதற்கு அது பயன்படுகிறது. வண்டி நிற்காமல் ஓடினால் ஏன் என்று கேட்பதற்கும் அதே கணக்குப் போதும். தொப்பூர் கணவாயில் ஏறுவதற்கு முன்னால், பத்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டியவரை நிறுத்தித் தூங்கச் சொல்ல அதிகாரிக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பைபாஸ் ஓரத்தில் நின்ற அந்த மாமனார் முதலில் மொபெட்டை எடுத்தார். பையனை முன்னால் நிறுத்திக்கொண்டார். மருமகள் குழந்தையோடு பின்னால் உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டு. காலையில் பையனுக்குப் பள்ளிக்கூடம். ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.